இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஓவியப் போட்டி வைத்தார்கள். ஓவியம் பற்றி அவ்வப்போது எழுதுகிறவன் என்பதற்காக என்னையும் ஒரு நடுவராக உட்கார வைத்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒன்றரை மணி நேரம், தலைப்பு 'என் ஊர்'. சார்ட் பேப்பரை நான்காக வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கி பெஞ்சுகளின் மேல் பரப்பினோம். பாதிக்கு மேல் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் கதிர் விரித்த அரைச் சூரியன், மலை இடுக்கிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓலைக்குடிசை, அதன் மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி நாலு பறவை. எங்கள் ஊரில் மலை கிடையாது. ஆறு ஓடிய இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. வரைந்த பிள்ளைகளில் பலர் காலையில் கிளம்பி வந்தது காங்கிரீட் வீட்டிலிருந்துதான்.

ஒரு தாள் மட்டும் வேறு. ஏழாம் வகுப்புப் பிள்ளை வரைந்தது. தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் குடங்களின் வரிசை. வரிசையில் ஆட்களே இல்லை. குடங்கள் மட்டும் இடம் பிடித்து நிற்கின்றன. ஓரிடத்தில் குடத்துக்குப் பதில் ஒரு செங்கல், இன்னோரிடத்தில் ஒற்றைச் செருப்பு. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு நிறம். நசுங்கிய குடம் நசுங்கியபடியே இருந்தது. லாரி மேல் நிற்கும் ஆளுக்குக் கை வரையப்படவில்லை; நேரம் போதவில்லை போலும். உடன் இருந்த நடுவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் இல்ல சார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. முதல் பரிசு மலைக்குப் போயிற்று. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்து இன்றுவரை உறுத்துகிறது. கலைக் கல்வி பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியதே அதனால்தான். பிள்ளைகளுக்குக் கலை என்ன செய்கிறது என்ற கேள்வியோடு போனேன். நம் பள்ளிகளில் கலை என்ற பெயரில் எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப எதிரில் வந்து நின்றது.

முதலில் அந்த மலைகள். இந்தியாவின் பல மாநிலங்களில் பிள்ளைகள் இதே படத்தைத்தான் போடுகிறார்கள். அவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. அமெரிக்கக் கலைக் கல்வி ஆய்வாளர்களான பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று அந்த எளிய முடிவைக் கலைக்கிறது. இளைஞர்கள் வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு, இந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடமே துருவிக் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு மூலம் இருந்தது: சித்திரக்கதை, தொலைக்காட்சி, அண்ணன் வரைந்தது, பக்கத்து பெஞ்சுக்காரன் வரைந்தது. குழந்தை தன் உள்ளத்திலிருந்து மட்டுமே வரைகிறது என்ற நம்பிக்கை அங்கே அடிபட்டுப் போனது. மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசுவது போல, படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளைகள் வரையக் கற்கிறார்கள். இரண்டு மலை என்பது அக்காவிடமிருந்து தங்கைக்கும் டிராயிங் புத்தகத்திலிருந்து சிலேட்டுக்கும் போய்ச் சேர்ந்த ஒரு 'வாய்ப்பாடு'. குற்றம் அதைக் கற்றதில் இல்லை. ஏழு வயதில் கற்ற அந்த ஒரே வாக்கியத்தைப் பதின்மூன்று வயதிலும் பேச வேண்டியிருப்பதுதான் கோளாறு.

ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் என்ன நடக்கிறது? ஆஸ்திரியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வந்த தன் நூலில் குழந்தைகளின் வரைதலைப் பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு வயதில் கிறுக்கல். நான்கு வயதையொட்டி வட்டத்திலிருந்து நேராகக் கையும் காலும் முளைக்கும் மனிதன். ஏழிலிருந்து ஒன்பதுக்குள், வீட்டுக்கு ஒரு வடிவம், மரத்துக்கு ஒரு வடிவம் என்று நிலைத்த உருக்கள். தாளின் அடியில் தரைக்கு ஒரு கோடு, மேலே வானத்துக்கு ஒரு பட்டை. ஒன்பது பத்து வயதில் சிக்கல் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிவது போலவே வரைய வேண்டும் என்ற ஆசை வருகிறது. கை அதற்கு ஒத்துழைப்பதில்லை. அழிரப்பர் அதிகம் தேய்வது இந்த வயதில்தான். யாரேனும் பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பது எப்படி, பார்த்ததைத் தாளில் இறக்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அந்தப் பாலத்தைக் கடந்துவிடும். இல்லாவிட்டால் "எனக்கு வரைய வராது" என்ற வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்களில் பெரும்பாலோர் இன்று வரைந்து காட்டினால், பத்து வயதில் நின்றுபோன இடத்திலிருந்துதான் கோடு தொடங்கும். என் கோடும் அப்படித்தான்.

அந்தப் பாலத்தில் நம் பள்ளி என்ன செய்கிறது என்பதை அறிய, ஓவியம் இங்கே பாடமான கதையைப் பார்க்க வேண்டும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். அதே காலத்தில் இங்கிலாந்தில், ஆலைப் பொருள்களுக்கு நல்ல வடிவமைப்பாளர்கள் வேண்டும் என்பதற்காக 23 படிநிலைகள் கொண்ட ஓவியப் பாடத்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. தென் கென்சிங்டன் முறை என்று பின்னால் பெயர் பெற்ற அது, பேரரசின் பள்ளிகளுக்கெல்லாம் அச்சாயிற்று. அச்சடித்த தட்டைப் படத்தைப் பார்த்து வெளிக்கோடு போடுவது, பிறகு கன உருவங்கள், பிறகு நிழல் என்று படியேறும் முறை. கை சுத்தமாக வேண்டும், கோடு பிசிறக் கூடாது. வரைகிறவன் என்ன நினைக்கிறான் என்பது கணக்கில் வராது. தமிழக அரசின் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் இன்றும் உண்டு. 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்' என்ற சொல்லும் அப்படியே இருக்கிறது. நம் டிராயிங் மாஸ்டர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள். என் பள்ளி மாஸ்டர் சாக்பீஸால் ஒரே இழுப்பில் மாங்காய் போடுவார். வகுப்பே வாய் பிளக்கும். அந்தக் கைத்திறனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் ஆண்டு முழுக்க அவருடைய மாங்காயையே வரைந்தோம். வீட்டிலிருந்து ஒரு மாங்காய் கொண்டுவரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு எதிர்நீரோட்டமும் இருந்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இல் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கி, குழந்தையின் படத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்றார். தாகூரின் சாந்திநிகேதனில் 1919இல் கலா பவனம் எழுந்தது. அங்கே நந்தலால் போஸிடம் படித்த தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமத்துக்குப் போய், காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். ராட்டையும் தறியும் நடுவில் இருந்த பள்ளியில் பிள்ளைகளின் படங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். கல்விக்குக் கலையே அடித்தளம் என்று 1943இல் ஹெர்பர்ட் ரீட் இங்கிலாந்தில் வாதிட்டதை, இங்கே மண்ணில் உட்கார்ந்து செய்து பார்த்தார். அந்த அனுபவத்தை 1959இல் இந்தியில் நூலாக எழுதினார். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வரைச்சட்டத்துக்காக அமைந்த குழு பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பரிந்துரைத்தபோது பேசியதும் ஏறக்குறைய இதே குரல்தான். பரிந்துரைகள் இந்த நாட்டில் நன்றாகவே எழுதப்படுகின்றன.

சரி, பயன் என்ன? பெற்றோர் கூட்டத்தில் யாரேனும் எழுந்து இதைக் கேட்டால், பள்ளி சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பாட்டு கற்றால் கணக்கு வரும், படம் வரைந்தால் மூளை வளரும். இந்தப் பதில் எங்கிருந்து கிளம்பியது என்பது வேடிக்கையான கதை. 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேருக்கு மொஸார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டிவிட்டு, வெட்டி மடித்த காகிதத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற இடம்சார் புதிர்களைக் கொடுத்தார்கள். மதிப்பெண் எட்டு ஒன்பது புள்ளி கூடியது. கால் மணி நேரத்துக்குள் அந்த விளைவு மறைந்தும் விட்டது. குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத் தட்டு வழங்க நிதிநிலை அறிக்கையில் பணம் கேட்டார். கருவில் இருக்கும் பிள்ளைக்கு மொஸார்ட் கேட்க வைக்கும் வழக்கம் அங்கிருந்து கிளம்பி நம் ஊர்வரை வந்துவிட்டது.

பாட்டு கேட்பதை விடுங்கள், கற்றால்? டொரன்டோவில் கிளென் ஷெலன்பெர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒரு குழுவுக்கு வாய்ப்பாட்டு, ஒரு குழுவுக்கு நாடகம் கற்றுத் தந்தார். நான்காம் குழுவுக்கு எதுவுமில்லை. ஓராண்டில் எல்லாருடைய நுண்ணறிவு ஈவும் கூடியது. இசைக் குழுக்களுக்குச் சராசரியாக ஏழு புள்ளி, மற்றவர்களுக்கு நாலு சொச்சம். வேறுபாடு இரண்டே முக்கால் புள்ளி. நாடகக் குழுவில் நடந்தது வேறு: பிறரோடு பழகும் விதம் மேம்பட்டிருந்தது. பின்னாளில் ஜோவானி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபேயும் இப்படிப்பட்ட 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 பிள்ளைகளின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து 2020இல் சலித்துப் பார்த்தார்கள். ஆய்வு எவ்வளவு கறாராக வடிவமைக்கப்பட்டிருந்ததோ அவ்வளவுக்கு விளைவு சுருங்கியது. மிகக் கறாரானவற்றில் ஒன்றுமில்லை என்ற அளவுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு இருபது ஆண்டு முன்பே எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அரை நூற்றாண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தார்கள். கலை கற்றால் பள்ளி மதிப்பெண் உயரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வின்னர் கலையை நேசிப்பவர். அவர் இப்படிச் சொன்னதும் கலை ஆசிரியர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள்.

எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கணக்குக்கு உதவும் என்று சொல்லி ஓவியத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால், கணக்குக்குக் கணக்கே போதும் என்று தெரியவரும் நாளில் ஓவியத்தை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது.

ஆனால் வின்னர், ஹெட்லண்ட் திரட்டில் தப்பிப் பிழைத்த முடிவுகளில் ஒன்று, நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. கதையை வகுப்பில் நடித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு மொழித்திறன் கூடுகிறது. நடித்த கதையில் மட்டுமல்ல, அதற்குப் பின் புதிதாகப் படிக்கும் பாடத்திலும். வேலு சரவணனின் 'ஆழி' குழுவினர் பள்ளி மைதானத்தில் நாடகம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. பாடப்புத்தகத்தைத் திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளை அங்கே பூதத்தோடு வாய்க்கு வாய் பேசுவான். நாடகம் மனப்பாடத்துக்கு உதவுவதோடு நிற்பதில்லை. இந்த ஆள் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று யோசிக்காமல் வசனத்தைச் சொல்லவே முடியாது. அந்த யோசனை வாசிப்புக்குள்ளும் வந்துவிடுகிறது.

அண்மை ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்தது. கூடுதல் கலை வகுப்பு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்கிற பள்ளிகள் ஏற்கெனவே நல்ல பள்ளிகளாகத்தான் இருக்கும். அதனால் ஒப்பீடு கோணலாகிவிடும். டேனியல் போவனும் பிரையன் கிஸிடாவும் அதைத் தவிர்க்க, விரும்பிய 42 பள்ளிகளுக்கிடையே குலுக்கல் போட்டார்கள். வென்ற பள்ளிகளுக்கு நகரத்துக் கலைஞர்கள் வந்து வகுப்பெடுத்தார்கள். நாடகம், இசை, நடனம், ஓவியம், அருங்காட்சியகப் பயணம் எல்லாம் கிடைத்தன. மொத்தம் 10,548 மாணவர்கள். 2019இல் முடிவு வந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுதும் தேர்வில் மதிப்பெண் கூடியது. பிறர் நிலையை எண்ணி இரங்கும் மனம், அளவில் சிறிதாக என்றாலும், கூடியது. கணிதத்திலும் வாசிப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. அதாவது, கலைக்குக் கொடுத்த நேரத்தால் அந்தப் பாடங்கள் கெடவும் இல்லை. 'அரையாண்டு வரைக்கும் டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கொடுங்க' என்று கேட்டு வாங்கும் தலைமையாசிரியர்கள் படிக்க வேண்டிய வரி இது.

ஆனாலும் இவையெல்லாம் வெளியிலிருந்து அளப்பவை. உள்ளே என்ன நடக்கிறது? ஹெட்லண்ட், வின்னர் குழுவினர் பாஸ்டன் பகுதியில் கலைக்குப் பெயர்பெற்ற இரண்டு பள்ளிகளில் ஐந்து ஆசிரியர்களின் ஓவிய வகுப்புகளை ஓராண்டு படம்பிடித்துப் பார்த்தார்கள். 2007இல் நூலாக வந்தது. அங்கே தூரிகை பிடிப்பது போக இன்னும் சில பழக்கங்கள் கற்பிக்கப்பட்டன: ஊன்றிப் பார்ப்பது, இன்னும் இல்லாத ஒன்றை மனத்தில் உருட்டிப் பார்ப்பது, சலித்துப் போனாலும் விடாமல் உட்கார்வது, பிழையைத் துடைத்துப் போடாமல் அதிலிருந்து வேறு வழி போவது, செய்ததைப் பற்றிப் பேசுவது. வகுப்பின் அமைப்பும் எளியது. ஆசிரியர் சிறிது நேரம் செய்து காட்டுவார். பிறகு பெரும்பகுதி நேரம் மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேள்வி கேட்பார். கடைசியில் எல்லாப் படங்களையும் வைத்து எல்லாரும் பேசுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது மார்கழி மாத வாசல். நாம் கலைக் கல்வி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு கலைக் கல்வி நம் வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. சிக்குக் கோலம் கற்கும் பெண்பிள்ளையைக் கவனியுங்கள். முதலில் பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சில். '15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி' என்று தலைப்பில் எழுதிக்கொள்வாள். கம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது, தொடங்கிய இடத்துக்கே வந்து மூட வேண்டும். விதி இவ்வளவுதான். அதற்குள் எத்தனை திருப்பம் வேண்டுமானாலும் போடலாம். காகிதத்தில் வந்தது தரையில் வராது. மாவு விரலிடுக்கில் ஒழுகும் வேகத்தைக் கை பழக வேண்டும். ஒரு வளைவு தப்பினால் நாலு புள்ளி தள்ளித்தான் தெரியும். அத்தை மேலிருந்து பார்த்துவிட்டு, "எங்க தப்பிச்சுதுன்னு நீயே பாரு" என்பாள். பெண்பிள்ளை காலால் துடைத்துவிட்டு அங்கிருந்து மறுபடி தொடங்குவாள். எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்து மறுநாள் அதில் ஒரு மாற்றம் செய்வாள். வெயில் ஏறுவதற்குள் சைக்கிளும் கோழியும் அதை அழித்துவிடும். மதிப்பெண் கிடையாது. விதிகளால் ஆன இந்த விளையாட்டின் ஆழத்தைப் பார்த்துத்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், அவருடன் சேர்ந்து ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தைக் கணினி அறிவியலின் பட இலக்கணக் கோட்பாட்டோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்தப் பெண்ணிடம் போய் உனக்குப் படைப்பாற்றல் இருக்கிறதா என்று கேட்டால் வெட்கப்படுவாள். (ஆண்பிள்ளைகளுக்கு இந்த வகுப்பில் இடமில்லாமல் போனது அவர்களுக்குத்தான் நட்டம்.)

கோலமும் பார்த்துப் போடுவதுதானே, இரண்டு மலையும் பார்த்துப் போடுவதுதானே, என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஜப்பானில் தகேஷி ஒகாடாவும் கென்டாரோ இஷிபாஷியும் 2017இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. பழக்கமில்லாத பாணியில் அமைந்த ஓர் ஓவியத்தை முதலில் பிரதி எடுக்கச் சொல்லி, பிறகு சொந்தமாக வரையச் சொன்னபோது மாணவர்களின் படங்களில் புதுமை கூடியது. ஏற்கெனவே பழகிய பாணியைப் பிரதி எடுத்தவர்களுக்கு அந்தப் பயன் இல்லை. தெரியாததைப் பிரதி எடுக்கும்போது, வரைந்தவர் ஏன் இந்தக் கோட்டை இங்கே கொண்டுபோனார் என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. தெரிந்ததைப் பிரதி எடுக்கும்போது கை மட்டும் வேலை செய்கிறது. ஆகவே பிரதியெடுப்பைக் கெட்ட வார்த்தையாக்க வேண்டாம். ஐம்பதாவது முறை அதே மாங்காய் என்பதுதான் வீண்.

பரிசு விஷயத்துக்கு வருகிறேன். என் கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. 1973இல் மார்க் லெப்பரும் இரண்டு சகாக்களும் அமெரிக்காவின் ஒரு மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவில் வரைவதை விரும்பிச் செய்யும் 51 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் தந்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களை வகுப்பில் சும்மா போட்டுவைத்துவிட்டு மறைந்திருந்து பார்த்தார்கள். பரிசு இல்லாத குழந்தைகள் விளையாட்டு நேரத்தில் ஏறக்குறைய 17 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் 18 சதவீதம். பரிசுக்காக வரைந்தவர்கள் 9 சதவீதம்கூட இல்லை. ஆசையாகச் செய்த ஒன்று, பரிசு என்றதும் வேலையாகிவிட்டது.

தமிழக அரசு 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேறும் போட்டிகள். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். பறையும் கரகமும் பொம்மலாட்டமும் அரசுப் பள்ளி மேடையில் ஏறுவது சாதாரண காரியமில்லை. தன் தாத்தா அடித்த பறையைத் தான் படிக்கும் பள்ளியில் எடுத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முதுகு நிமிர்வதை எந்த ஆய்வும் அளக்க வேண்டியதில்லை. ஆனால் போட்டி வருகிற மாதத்தில் மட்டும் கலை விழித்துக்கொண்டால், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவள் ஆடுவாள், மற்ற நாற்பது பேர் கைதட்டுவார்கள். தனியார் பள்ளி ஆண்டு விழாவிலோ நிலைமை இன்னும் மோசம். ஐந்து நிமிட சினிமாப் பாட்டுக்கு ஒன்றரை மாத ஒத்திகை, வாடகை உடை, மாஸ்டர் போட்ட அடியைப் பிசகாமல் போட வேண்டும். பிள்ளை அங்கே எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, இடுப்பு எப்போது வளைய வேண்டும் என்பதைக்கூட.

இதற்கெல்லாம் நடுவே நிற்கிற ஆசிரியரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு படிப்படியாகக் கூட்டி 2024இல் 12,500 ஆயிற்று. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் உட்காராத ஆண்டு அரிது. கல்விக் கொள்கை ஆவணங்களில் கலை 'ஒருங்கிணைந்த' பாடமாக ஆகிவிட்டது. அதைக் கற்பிப்பவர் மட்டும் இன்னும் பகுதி.

முழுதாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் ஒரு சான்று உண்டு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை இயங்கியது. பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களின் ஆட்டமாக இருந்ததில் பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஏறினார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில், பாட்டும் பேச்சும் எழுதிவைத்தபடியே போவதில்லை. எதிரில் நிற்பவர் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும், தூங்கிவிழும் கூட்டத்தை எழுப்ப வேண்டும். பதினைந்து வயதில் அதைச் செய்தவருக்கு நேர்காணல் அறை ஒரு பொருட்டா?

சென்ற ஆண்டு ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை ஒருவரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய வினாத்தாள்களின் பின்பக்கம்தான் ஓவியத் தாள், ஆளுக்கொரு பென்சில். 'வீட்டு வாசலில் நின்றால் எதிரில் என்ன தெரிகிறது' என்பது சென்ற வாரம் கொடுத்த வேலை. படங்களைத் தரையில் வட்டமாகப் பரப்பிவிட்டு, அடுத்தவர் படத்தைப் பார்த்து ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாளில் இரண்டு மலை, நடுவில் சூரியன்.

பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்: "டேய், உங்க வீட்டு எதிர்ல செல்போன் டவர்தானடா இருக்கு?"

"அது எனக்கு வரைய வராது."

டீச்சர் மலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "டவர்ல எத்தனை முக்கோணம் இருக்குன்னு சாயங்காலம் எண்ணிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தபோது, எண்ணினானா என்று கேட்டேன்.

"எண்ணிட்டு வந்தான் சார். கீழ நிக்கும்போது முக்கோணமே கண்ணுக்குத் தெரியலயாம், எல்லாம் பெருக்கல் குறியாத்தான் இருக்காம். மேல போகப் போக அந்தப் பெருக்கல் குறி ஏன் டீச்சர் சின்னதாகுதுன்னு கேட்டான். இப்ப அதத்தான் வரைஞ்சுகிட்டு இருக்கான், நாலாவது தாள்."